எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தில்

சின்னவளின் அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? இங்கே மழை விட்டபாடில்லை.

நேற்று ஓட்டலுக்கு நூறாண்டு விழா. நான் சூப் பரிமாறிக்கொண்டிருந்தபோது மேனேஜர் ஓட்டலின் வரலாற்றைச் சொன்னார். மலை சரிந்து மேற்குக் கட்டடம் போன கதையும் வந்தது.

“ஐயோ, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?” என்றார் ஓர் அம்மாள்.

“ஆகலைம்மா. சாப்பாட்டு நேரம் பாருங்க, ரூம்ல ஒரு கெஸ்ட்கூட இல்ல.”

மனுஷன் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் படுக்கை விரிக்கிற பிள்ளைகள்தான் அறைகளில் இருப்பார்கள். நம் பெரியவளும் அதற்குத்தான் போயிருந்தாள். அந்த அம்மாளுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

அதே இடத்தில் புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. படுக்கை விரிக்கச் சின்னவளை அனுப்பச் சொல்கிறார் மேனேஜர். அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். யார் வந்து கேட்டாலும் நீயும் அதையே சொல்.

இப்படிக்கு,
பெரியவளின் அப்பா