நீர்ப்படச் சோலையை மூடிய ஓலை

வெண்குன்ற நாட்டின் ஏழு மலைகளுக்கும் கருமணி ஆற்றின் இக்கரைக்கும் உரியவரான விறல்வேள் மன்னரின் திருமுன்னர், எல்லை நகராம் கோடித்துறையிலிருந்து பட்டத்தரசி காரிநங்கை பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் குடை நிழலில் மக்கள் அச்சமின்றி உறங்குக. இங்கு யாவரும் நலம் என்று வழக்கம்போல் எழுத இம்முறை என்னால் இயலவில்லை.

சோலையை மூன்று நாளில் மூட வேண்டும் என்ற தங்கள் கட்டளை வந்து சேர்ந்தது. மூடிவிட்டேன். மணமான ஆண்டில் தாங்கள் நகை வேண்டுமா என்று கேட்டபோது, பிள்ளைகள் ஆடிக்கொண்டே கற்கும் சோலை ஒன்று வேண்டும் என்று நான் கேட்டுப் பெற்றது அது. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஒரு மணி ஒலித்து எண்ணச் சொல்லித்தந்த ஊஞ்சல்களையும், காட்டுப் பறவைகளின் குரல் எழுப்பும் மூங்கில் குழல்களையும் அகற்றியாயிற்று. நடுவில் கருமணி ஆற்றை அப்படியே கல்லில் குடைந்து நீர் நிரப்பிய நீர்ப்படத்தின் மேல் நாற்பது வண்டி மண் கிடக்கிறது.

அந்த நீர்ப்படத்தில் சாண் உயர மரக்குதிரையை வயிறு நனையாமல் அக்கரை சேர்ப்பதே ஆட்டம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். முதல் குதிரையை நகர்த்தியவர் தங்கள் இளவல் சேந்தனார். புதுவெள்ள நாளில் இருகரைப் பிள்ளைகளும் கூடி விளையாடுவது இவ்வூர் வழக்கமாதலால், எதிரி நாட்டுப் பிள்ளைகளும் ஆண்டுதோறும் வந்தனர். பதினோர் ஆண்டுகள் ஓடின. பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

வெள்ளத்தில் குதிரைகள் கடக்க மாட்டா என்று நம்பி வீரர் அறுவருடன் துறையில் காவல் நின்ற சேந்தனாரை, ஆற்றைக் கடந்து வந்த எதிரிக் குதிரைப்படையிடம் இழந்தோம். பிடிபட்ட எதிரி வீரனை நானே விசாரித்தேன். மீசை அரும்பாத முகம். "நாங்க சின்னப் பிள்ளையில ஆடின ஆட்டந்தானே, தாயே! குதிரை வயிறு நனையாத வழி கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். நீங்களே கைதட்டிப் பொரி கொடுத்தீங்களே, மறந்துட்டீங்களா?" என்றான். மறக்கவில்லை.

படத்தைக் குடைந்த கல்தச்சன் பொதியனின் வலக்கைக் கட்டைவிரலை வெட்டுமாறு தாங்கள் பணித்திருக்கிறீர்கள். அதை நான் நிறைவேற்றவில்லை. ஆழமற்ற வழியை மறைத்து எங்கும் ஒரே ஆழமாகக் குடைந்துவிடலாம் என்று அன்றே அவர் வேண்டினார். ஆண்டுதோறும் ஆற்றில் பிள்ளைகள் மூழ்கி இறக்கும் ஊரில், பொய்யான ஆற்றைக் காட்டிப் பிள்ளைகளை விளையாட விடமாட்டேன் என்று மறுத்தவள் நான். அதன்பின் இருகரையிலும் ஒரு பிள்ளைகூட மூழ்கவில்லை. இதைச் சொல்லி மன்னிப்புப் பெற எண்ணவில்லை. சேந்தனாரும் தங்கள் தாய் பெற்ற பிள்ளைதானே. பிழை என்னுடையது. இதைப் படித்தபின் தாங்கள் என் முகம் பார்க்கமாட்டீர்கள் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

இன்று காலை மண்மேட்டின் மீது நம் ஊர்ச் சிறுமியர் மூவர் குந்தியிருந்தனர். ஒருத்தி குச்சியால் ஆற்றைக் கீறினாள். வளைவு, பாறை, ஆழமற்ற வழி எதுவும் பிசகவில்லை. "அரசியம்மா, மண்ணு போட்டா என்ன, எங்களுக்கு மனப்பாடம்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். படைத்தலைவர் பார்த்தால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கட்டளை பிறக்குமோ என்று அஞ்சி, அவள் கண்முன்னே அதை என் காலால் அழித்தேன். அவள் சிரிப்பு நின்றது. இனி யாரிடமும் வரைந்து காட்டமாட்டாள்.

மலைவாயில் காவலர் எவரும் பொதியனையும் அவர் குடும்பத்தாரையும் தடுக்கலாகாது என்று கட்டளையிட்டு முத்திரை வைத்தேன். ஓலை தங்களை அடையுமுன் அவர்கள் மலையைக் கடந்திருப்பர். முத்திரை மோதிரத்தையும் இத்துடன் அனுப்புகிறேன். வேறொரு விரலுக்கு அது பொருந்துக.