பெரியப்பாவின் ஜபத்தில் உன் பெயர்

அக்கா,

மருமகள் நாளைய பிரியாணிக்காகப் பட்டையும் கிராம்பும் வறுத்துக்கொண்டிருக்கிறாள். திருப்பதியில் இந்தச் சின்ன வீட்டில் சமையலறை வாசனை எல்லா அறைக்கும் வந்துவிடும். அது மூக்கில் ஏறியதும் என் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. இந்த வாசனை வந்தால் அடுத்தது ஜபம் என்று உடம்புக்குப் பழகிவிட்டது. நாளை கிறிஸ்துமஸ். நீ இல்லாத முதல் கிறிஸ்துமஸ்.

காலையில் பேத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்குப் பயம். "தாத்தா, நாளைக்குச் சாப்பாட்டு ஜபத்துல விசேஷமா என் பேரைச் சொல்லுங்க. எப்பவும் யார் பேரும் சொல்லாமயே முடிச்சிடறீங்க" என்றாள். நான் தலையாட்டினேனா இல்லையா என்பது எனக்கே நினைவில்லை. அந்த "விசேஷமா" என்ற சொல்லின் கதை அவளுக்குத் தெரியாது. தெரிந்தவளாக நீ ஒருத்திதான் இருந்தாய். அதனால் உனக்கு எழுதுகிறேன். எண் போட்டுக்கொண்டால்தான் எனக்கு எழுத வரும். நீ சிரித்தாலும் பரவாயில்லை.

1. பெரியப்பாவின் ஜபம் ரயில் போல ஊர் ஊராக நின்று வந்தது.
2. "விசேஷமாக" என்று சொல்லி அவர் பெயர் எடுத்த எதுவும் நிலைக்கவில்லை.
3. ஆகையால் நாளை பேத்தியின் பெயரை நான் சொல்லலாமா என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டும்.

பெரியப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று, திருத்தணியில் குடியிருந்தார். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் சித்தூரில் நம் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்காருவோம். குடும்பத்துக்கு மூத்தவர் என்பதால் ஜபம் அவருடையது. அது திருத்தணியில் புறப்படும். பொன்பாடி, நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் என்று ஒவ்வொரு ஊரிலும் நிற்கும். அந்தந்த ஊரில் ஓர் உறவினருக்காக, இல்லையென்றால் ஒரு சபைக்காக, அதுவும் இல்லையென்றால் அவருக்குச் சூடாக டீ கொடுத்த கடைக்காரருக்காக மன்றாடுவார். ரேணிகுண்டாவில் ஜபம் வண்டி மாறும். அங்கே நீளமாக ஒரு மூச்சு விடுவார். பிறகு திருப்பதி, சந்திரகிரி, பாகாலா வழியாக அது சித்தூர் வந்து சேர்வதற்குள் பிரியாணியில் நெய் உறைந்திருக்கும்.

"இன்னும் புத்தூரே தாண்டலியா? எப்போ துன்றது?" என்று அம்மா முணுமுணுப்பாள்.

நீ கண்ணை மூடியபடியே என் தொடையைக் கிள்ளி, "சிக்னல் விழலடா. வண்டி நின்னுகினு இருக்குது" என்பாய்.

ஒருமுறை அவர் ஏகாம்பரகுப்பத்தை மறந்து புத்தூர் போய்விட்டார். நினைவு வந்ததும், "ஆண்டவரே, மன்னியும், ஒரு ஸ்டேஷன் பின்னால போறேன்" என்றார். நீ குபீரென்று சிரித்துவிட்டாய். நைனா கண்ணைத் திறக்காமலே உன் தலைக்கு என்று ஒரு குட்டு வைத்தார். அது என் தலையில் விழுந்தது.

சித்தூர் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தச் சொல் வரும். குரலைத் தாழ்த்தி, "இந்த வேளையிலே விசேஷமாக..." என்று நிறுத்துவார். அடுத்து ஒரு பெயர் வரும்.

முதலில் அம்மாவின் கறவை மாட்டுக்காகக் கேட்டார். பொங்கலுக்கு முன் அது செத்தது. அடுத்த வருடம், மதராஸ் ராஜதானி துண்டுபடாமல் இருக்க வேண்டும் என்று கேட்டார். மறு கிறிஸ்துமஸுக்குள் ஆந்திரா தனி ராஜ்யமாகி, சித்தூர் அதில் சேர்ந்துவிட்டது. நைனா சிரித்துக்கொண்டே, "அண்ணே, நீ கேக்கறது அங்க தலைகீழா போய்ச் சேருது. இனிமே எல்லாம் நாசமாப் போவட்டும்னு கேளு, நாம நல்லா இருப்போம்" என்றார். பெரியப்பாவும் சிரித்தார். அந்த வருடம் விருந்துக்கு வந்திருந்த போதகரின் பெயரை எடுத்தார். தவக்காலத்தில் அவரை அடக்கம் செய்தோம்.

அதற்குப் பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. வண்டி பாகாலா தாண்டியதும் அம்மா கரண்டியை அண்டாவில் தட்டுவாள். நீ இருமுவாய். ஒரு பெயர் வெளியே வந்துவிடக்கூடாது என்று கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று ஜபத்தின் நடுவே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் இன்னொரு வருடம் அந்தச் சத்தத்தையும் மீறி, "விசேஷமாக என் தம்பி" என்று அவர் சொல்லிவிட்டார். நைனா கண்ணைத் திறந்து நம்மைப் பார்த்ததை நான் பார்த்தேன். கோடையில் நைனா போனார்.

அடுத்த கிறிஸ்துமஸில் எல்லோர் வாயிலும் ஆந்திரா, மதராஸ் எல்லைப் பேச்சுதான். கோடு பொன்பாடிக்கும் நகரிக்கும் நடுவே விழப்போகிறது, திருத்தணி நம்மை விட்டுப் போய்விடும் என்றார்கள். பெரியப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா, "மாமா, திருத்தணி பேரை மட்டும் எடுத்துடாதீங்க" என்று கெஞ்சினாள். அவர் செருப்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தார்.

நீ டைபாய்டு கண்டு எழுந்திருந்தாய். தலைமுடி கொட்டி, சுவரில் சாய்ந்து, கழுத்தெலும்பு தெரிய உட்கார்ந்திருந்தாய். நீ பிழைப்பாய் என்று யாருக்கும் நிச்சயமில்லாத நாட்கள் அவை. ஜபம் அன்று எங்கும் அதிகம் நிற்கவில்லை. ரேணிகுண்டாவில் மூச்சுகூட விடவில்லை. சித்தூர் வந்தது. "விசேஷமாக" என்றார். அடுத்து உன் பெயர்.

அம்மாவின் கையிலிருந்த தட்டு விழுந்து கூடம் முழுக்கச் சோறு சிதறியது. "ஏன் மாமா அவ பேரை எடுத்தீங்க? அவளும் போவணுமா?" என்று கத்தினாள். பெரியப்பா கண் திறந்தார். அவர் கைகள் குவிந்தபடியே இருந்தன.

"நான் இன்னாம்மா பண்ணேன்? புள்ள நல்லா இருக்கட்டும்னு தானே கேட்டேன்?"

அப்போது நீதான், காற்றைப் போன்ற ஒரு குரலில், "அவர் முடிக்கட்டும்மா. எனக்குப் பசிக்குது" என்றாய்.

அவர் முடித்தார். கோடைக்குள் திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று. அதன் பெயரை யாரும் எடுத்திருக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் பெரியப்பா இறந்தார். அவர் பெயரையும் யாரும் எடுத்திருக்கவில்லை. இரண்டையும் அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை. உன் முறை எப்போது என்பதை மட்டுமே யோசித்தேன்.

அதன் பிறகு ஜபம் என் பொறுப்பாயிற்று. "எல்லாரையும் காத்துக்கொள்ளும், ஆமென்." அவ்வளவுதான். நீ, "இது ஜபமாடா, தந்தியா?" என்பாய். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீ புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாய். நீ படியேறும்போது மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பேன். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்கிறாயா என்று பார்ப்பேன். கறித்துண்டு உன் தொண்டையில் சிக்கி நீ செருமினால் என் கை நின்றுவிடும். நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய். வாசலில் நின்றே, "இன்னும் போவலடா. வந்துட்டேன், இலையைப் போடு" என்று சத்தமாகச் சொல்லத் தொடங்கினாய். பிள்ளைகள் அது ஏதோ வேடிக்கை என்று சிரிப்பார்கள். எனக்கு உள்ளே நடுங்கும். உன் கல்யாணத்திலும், உன் பிள்ளைகளின் கல்யாணங்களிலும், நீ ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலும் அந்த நடுக்கத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வருடம் நீ பகல் தூக்கத்தில் போய்விட்டாய். உன் மகன் போனில் சொன்னபோது எனக்குள் எழுந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? "கடைசியில் நடந்துவிட்டது." தொண்ணூறை நெருங்கிய ஒருத்தியைப் பற்றி அப்படி நினைத்தேன்.

நம் சபையில் இறந்தவர்களுக்காக ஜபிப்பதில்லை. ஆகவே உன் பெயரை இனி நான் எடுக்க இடமில்லை. பேத்தியின் பெயருக்கு இடமிருக்கிறது. பயம் எனக்குப் போகவில்லை. இந்த வயதில் இனி போகாது. திருத்தணியிலிருந்து சித்தூர் வரை அந்த வழி முழுவதும் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. அதையும் பயத்தையும் சேர்த்தே சுமந்து வந்திருக்கிறேன். நாளை அந்த வழியாகவே போவேன். எந்த ஊரையும் விடமாட்டேன். கடைசியில் அவள் பெயரைச் சொல்வேன். சோறு ஆறட்டும்.

எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன், அக்கா. இரண்டாவது குறிப்பு தவறு. "எதுவும்" என்று எழுதியிருக்கிறேன். நீ நிலைத்தாய்.