அள்ளாமல் விட்ட தரை

2007 ஒக்டோபர் 6, சனி

மழை. கொட்டிலின் தரை வேலை இன்று முடிந்தது.

காணி பண்ணைக்கார முசியே ஜில்லுடையது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு அங்கால். ஐந்து வருடக் குத்தகை. சீமெந்து ஊற்றக்கூடாது, போகும்போது காணி இருந்தபடி இருக்க வேண்டும் என்று முதலே சொல்லிவிட்டார். அதனால் மகன் அருமைராசா மேல்மண்ணை வழித்து ஒதுக்கி, முரட்டுக் கறுப்புத் துணி விரித்து, அதன்மேல் உடைகல், அதன்மேல் கல்லுத்தூள் கொட்டி மெசினால் இறுக்கினான். மாடுகள் தீன் தின்ன நிற்கும் இடத்துக்கு மட்டும் கல்குவாரியில் கழித்துவிட்ட றப்பர் பட்டி. மேலே பிளாஸ்டிக் கூடாரம். மலிவு வேலைதான். குனிந்து பார்த்தேன், வாட்டம் சரி.

நாகு மாடுகளை வாங்கி வளர்த்து, கன்று போடும் பருவத்தில் பால்பண்ணைக்காரருக்கு விற்பதுதான் யோசனை. இந்தப் பனி மாரியைத் தாண்டிவிட்டால் வெயார்ஹவுஸ் வேலையை விடுவானாம். தாண்டாவிட்டால் மாடுகளை வித்துப்போட்டு சாகுமட்டும் அங்கேதான் பெட்டி தூக்குவானாம்.

ஒக்டோபர் 14, ஞாயிறு

புதன்கிழமை மாடுகள் வந்து சேர்ந்தன. இன்று சிசிலி வந்தாள். மருமகள் சுதாஜினியின் தாய். டொலார்டில் இருந்து கொட்டில் பார்க்க வந்தாளாம். வந்தவள் பார்த்துவிட்டுப் போகலாம்தானே. ஜில்லோடு பிரெஞ்சில் நெடுநேரம் கதைத்தாள். கார்டரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சமைத்துச் சமைத்துப் பழகின பிரெஞ்சு. எங்களுக்கு போன்ஜூர், மெர்சியோடு சரி.

"சாணகத்தை அள்ளக்கூடாதாம் மச்சாள். மேலுக்கு மேலே வைக்கல் போடட்டாம். அடியில புளிச்சுச் சூடேறுமாம். மாட்டுக்கு அதுதான் மெத்தையாம்."

"அவர் சொல்றாரா, நீ சொல்றியா?"

"எனக்கென்னகா. உங்கட மாடு."

எனக்கு எப்படித் தரை வைத்திருப்பது என்று சொல்ல இவள் யார்? எழுபத்தெட்டுச் சூறாவளியில் ஊரில் எங்கள் கூரை போனது. அருமைராசாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீடு என்று இவள் வீட்டுக்கு ஓடினேன். அப்போதுதான் சீமெந்து போட்டிருந்தார்கள். சிவப்புச் சாயம் பூசின தரை. உள்ளே விட்டாள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் துணி எடுத்து வந்து எங்கள் காலடிச் சேற்றைத் துடைத்தாள். நாங்கள் நிற்க நிற்கவே துடைத்தாள். ஒரு கால் தூக்குங்க, மற்றக் காலைத் தூக்குங்க என்று.

பிள்ளைகள் இங்கே வந்து தங்களுக்குள்ளே விரும்பிக் கட்டிக்கொண்டார்கள். நான் தடுக்கவில்லை. மறக்கவும் இல்லை.

ஒக்டோபர் 15

எல்லாம் அள்ளினேன். கல்லுத்தூள் தெரியுமட்டும். தரை கண்ணாடி மாதிரி.

டிசெம்பர் 9

அருமைராசா விடியமுன் என்னைக் கொட்டிலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறான். நான் தீன் போட்டு, சவளால் சாணகத்தை வழித்து வெளியே கொட்டுகிறேன். சாணகத்தோடு கல்லுத்தூளும் கொஞ்சம் வருகிறது. அங்கங்கே பள்ளம். சாணகத்தில் மாட்டைப் படுக்க என் தகப்பன் ஒரு நாளும் விட்டதில்லை.

ஜில் வாசலில் நின்று பார்த்தார். ஏதோ சொன்னார். மெர்சி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

2008 ஜனவரி 20, ஞாயிறு

கடும் குளிர். பள்ளங்களில் மாட்டு மூத்திரமும் தண்ணியும் நிரம்பி உறைந்துபோய் இருந்தது. புள்ளிச்சி, சினை நாகு, வழுக்கிப் பின்கால் இரண்டும் அகல விரிய விழுந்தது. எழும்பவில்லை. ஜில்தான் ஓடி வந்து, கால் இரண்டையும் மறுபடி விரியாமல் கயிற்றால் தளர்த்திக் கட்டினார். மிருக வைத்தியர் ஊசி போட்டார். நாளை மறுநாளுக்குள் எழும்பாவிட்டால் வைத்திருந்து பிரயோசனம் இல்லை என்றாராம்.

"ஆரம்மா தரையை இப்பிடி வழிச்சது? வைக்கல் போட்டு விடுறீங்க எண்டல்லவோ நினைச்சன்."

நான்தான் எண்டன். அருமைராசா ஏசியிருக்கலாம். ஏசினா நானும் ஏதும் சொல்லியிருப்பன். சும்மா போய் மாட்டின் தலையை மடியில வைச்சுக்கொண்டு இருந்தான். பெட்டி தூக்கிற தோள். அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டன்.

ஜனவரி 21

சிசிலி வான் வண்டியில் வந்தாள், பெரிய சுருளோடு. அவள் வீட்டு ஹோலில் கிடந்த பூப்போட்ட கார்ப்பெட். நத்தார் பெருநாளுக்குப் போனபோது வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றச் சொன்ன கார்ப்பெட்.

"மாட்டுக்கு உதைச்சு எழும்பப் பிடி வேணுமாம், ஜில் சுதாஜினிக்குப் போன் பண்ணினவர். பழசுதான் மச்சாள், எறியத்தான் இருந்தது."

பொய். போன ஈஸ்டருக்கு வாங்கியது. விலையும் எனக்குச் சொன்னவள்.

உருட்டி உருட்டிப் புள்ளிச்சியின் அடியில் விரித்தோம். அவள் ஒரு பக்கம், நான் மறுபக்கம். ஒருத்தரோடொருத்தர் கதைக்கவில்லை, தள்ளு, இழு என்பதைத் தவிர. மாடு கார்ப்பெட் முழுக்கக் கழிந்தது. சிசிலி மூக்கைப் பொத்தினாள். ஆனால் போகவில்லை.

ஜனவரி 22

எழும்பிவிட்டது. கார்ப்பெட்டில் குளம்பை ஊன்றி, முக்கி, ஒரே உந்தில்.

அருமைராசா சிரித்தான். அழுதமாதிரியும் இருந்தது.

பெப்ரவரி 17

அள்ளுவதில்லை. மேலே மரத்தூள், வைக்கோல், மறுபடி வைக்கோல். கை பொறுக்கவில்லைதான், சவள் இருக்கும் பக்கம் பார்ப்பதில்லை. இன்று கையுறையைக் கழற்றி உள்ளே விட்டுப் பார்த்தேன். சூடு. சுடுசோறு மாதிரி. வெளியே மூச்சே உறைகிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஊரெல்லாம் சேறு. கொட்டிலுக்குள் இல்லை. ஜில் காலால் மிதித்துப் பார்த்து "போன்", நல்லது என்றார். மெத்தை முழுவதையும் தன் வயலுக்குப் பசளையாக எடுக்கிறாராம். கல்லுத்தூள் பள்ளங்களை வருகிற கிழமை நிரப்ப வேணும்.

புள்ளிச்சி கன்று போட்டது. நாகுக் கன்று. அருமைராசா வேலையை விடக் கடிதம் கொடுத்துவிட்டான்.

மே 4

மெத்தையை வழித்தபோது அடியில் கார்ப்பெட் வந்தது. பூ ஒன்றுகூடத் தெரியவில்லை. சிசிலியும் கொட்டிலுக்கு வந்திருந்தாள். "பாருங்கவன் மச்சாள், என்ட ஹோல்" என்று சிரித்தாள். மறுகா கர்க்லாண்டுக்கு, எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணிக்கு வந்தாள். வாசலில் நின்று காலைப் பார்த்தாள். முழங்கால்வரை சேறு.

"கழட்டவா?"

"பரவாயில்லை, வாகா உள்ளுக்கு."

குசினி வரைக்கும் நடந்து வந்தாள். வெள்ளைத் தரை. தேத்தண்ணி குடித்தோம், இன்னொருக்காலும் குடித்தோம். துணி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

அவள் போன பிறகுதான் துடைத்தேன்.