நாம் மூடிய வாய்க்கால்

என் ஈரக்கை அம்மாவுக்கு,

எண்ணூரில் மூன்று நாளாக மழை. ஐந்து முறை பின்வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். நம் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. அதனால்தான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அனல்மின் நிலையத்திலிருந்து லாரியில் வந்து இறங்கிய சாம்பலை வாரி எல்லோரும் தரையை உயர்த்தினார்களே, அப்போது நாம் பின்னால் ஓடிய வாய்க்காலையும் நிரப்பினோம். நீ கூடை கூடையாகக் கொடுத்தாய், நான் கொட்டினேன். அதன்மேல் சமையல் கொட்டகை போட்டோம். தெருவின் மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் ஆற்றுக்கு இறங்கும் என்று உனக்குத் தெரியாதா? அந்த வாய்க்காலில்தானே மண்டிபோட்டு, கையால் துழாவி இறால் பிடிப்பாய்?

இப்போது அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் போகிறது. நாம் மூடியபிறகு குடிவந்தவள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. கைக்குழந்தையோடு கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து, "இன்னாடி, உங்க வூட்டுக்கு மட்டும் கடவுள் குடை புடிச்சிகினு கீறாரா?" என்று சிரித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆற்றில் இறாலும் குறைந்துவிட்டது. ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். கடல்தண்ணீர் ஏறும்போது குஞ்சு இறால் ஒதுங்கிய இடத்தை நாமும் அல்லவா அடைத்தோம்?

நேற்று வரைபடத்தோடு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மேலே ஏரி, கீழே ஆறு. நடுவில் தண்ணீர் இறங்கும் கோடு நம் தெருவோடு நின்றுவிட்டது. அடைபட்ட வழியைத் திறக்கப்போகிறார்களாம். "இங்க வாய்க்கா எங்கம்மா இருந்துச்சு?" என்று என்னைத்தான் கேட்டார்கள். நைனா முந்திக்கொண்டார்: "அப்டி ஒண்ணும் இல்ல சார்."

அவர்கள் போனதும் என்னிடம், "கொட்டாய இடிச்சிட்டா? உங்கம்மா போட்ட அடுப்புடி அது. வாய மூடிகினு இரு" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுப்பில் நீ மண் பூசிய விரல் தடம், நீ செத்துப்போன பிறகும் அப்படியே இருக்கிறது. அதை இடிக்க நானே சொல்வதா?

இன்று காலை ஸ்டெல்லா அக்கா வீட்டில் தண்ணீரை வாரப் போனேன். வாளி வாளியாகத் தெருவில் ஊற்றினோம். அது திரும்பி உள்ளேயே வந்தது. "பேஜாரா கீதுடி" என்றாள். இந்தமுறை சிரிக்கவில்லை.

நாளை அவர்கள் மறுபடி வருகிறார்கள். ஒன்பதாவதோடு நின்றவள், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. பரவாயில்லை. கொட்டகைக்குள் கூட்டிப்போய் அடுப்பின்மேல் கை வைத்துக் காட்டுவேன். உன் விரல் பட்ட மண்ணை மட்டும் முன்னாலேயே பெயர்த்து நைனாவிடம் கொடுத்துவிடுவேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் முதல் மழையில், நீ மண்டிபோட்ட இடத்தில் நான் மண்டிபோடுவேன்.

நீ கொடுத்த கூடையை வாங்கிக் கொட்டிய,
உன் சின்ன மகள்