வெள்ளைக் காது, கருப்புக் காது

ஜூலை 3, வியாழன்

காத்தே இல்ல. கூண்டெல்லாம் கழுவியாச்சு. திருப்போரூர் நாட்டு மருந்துக் கடையில கருவேலம் பிசின் அரைக் கிலோ. கடைக்காரர்: "இன்னாம்மா, வாரா வாரம் வாங்கினு போற, வூட்ல யாருக்கு முடியல?" குரங்குக்குன்னேன். சிரிச்சாரு. நிஜமாத்தான் சொன்னேன். மரத்தைப் பல்லால கீறிப் பிசின் குடிக்கிற சாதி. உள்ளங்கையில ஒக்காரும். விரல்ல நம்ம ஊர் குரங்கு மாதிரி தட்டை நகம் கிடையாது, அணில் மாதிரி கூர்நகம். எங்கியோ தென் அமெரிக்காக் காட்டு ஜீவன். எவனோ பையில அடைச்சு எடுத்தாந்து ஏர்போர்ட்டுல மாட்டிக்கினான். ரெண்டும் பொடிசா நான் வேலை பார்க்கிற விலங்கு மீட்பு மையத்துக்கு வந்துச்சுங்க. மல்லி, துரை. பேரு நான் வெச்சது.

துரை குண்டாயிட்டான். நாளையிலிருந்து பழம் பாதிதான்.

ஜூலை 5, சனி

வெயில் மண்டையப் பொளக்குது. புது டாக்டர் மேடம் டார்ச்சு அடிச்சுக் காதைப் பார்த்தாங்க. மல்லிக்குக் காது முடி வெள்ளை, துரைக்குக் கருப்பு. வளர்ந்தப்புறம்தான் இது நல்லாத் தெரியுதாம்.

"குடும்பம் ஒண்ணு, பேரினம் ஒண்ணு. இனம் வேற, ஸ்டெல்லா. சேர்த்து வெக்கக் கூடாது. கலப்புக் குட்டி பொறந்துடும்."

வெளி மாநிலத்துல ஒரு மிருகக்காட்சி சாலையில கருப்புக் காதுங்க இருக்காம். துரை அங்க போகணும். வண்டி அடுத்த வாரம் முடிஞ்சு திங்கள்.

சுர்ருன்னு ஏறிச்சு எனக்கு. "குட்டியில இருந்து கட்டிப் புடிச்சுத் தூங்குதுங்க மேடம்." மேடம் டார்ச்சை அணைச்சுட்டு அடுத்த கூண்டுக்குப் போயிட்டாங்க.

என் புருசன் குமார் கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ் ஓட்டிட்டு வந்ததும் சொன்னேன். "நம்ம கதைடி"ன்னான். எங்க கல்யாணத்துக்கு அவன் வூட்லயும் வரல, என் பக்கம் சர்ச்சுல இருந்தும் ஒருத்தரும் வரல. அவன் சிரிச்சுகினே சொன்னான். நான் அழுதுட்டேன். எனக்கு வயித்துல ஏழு மாசம் ஆனதுல இருந்து தொட்டதுக்கெல்லாம் அழுகை.

ஜூலை 8, செவ்வாய்

மல்லி வயிறு சந்தேகமா இருந்துச்சு. ஸ்கேன். ரெட்டை!! இதுங்களுக்குப் பெரும்பாலும் ரெட்டைதானாம். இன்னும் சில நாள்தான்.

துரைக்குப் பழம் குறைச்சதைச் சொன்னேன். மேடம் தலையில அடிச்சுக்கினாங்க. "பொண்டாட்டி மாசமா இருந்தா இந்தச் சாதியில புருசனுக்கும் எடை ஏறும். குட்டிங்களச் சுமக்கணும்ல? அம்மா பால் குடுக்கிறதோட சரி. ரெண்டு குட்டியும் சேர்ந்தா அவ எடையில கால் பங்கு வரும்."

அய்யோ பாவம். முழுப் பழம், மேல ரெண்டு வெட்டுக்கிளி. ஸாரிடா துரைன்னேன். விரலைக் கடிச்சான். நல்லா கடிடா.

(குமாருக்கும் சட்டை பட்டன் போட முடியல. சொன்னா கோச்சுக்கிறான்.)

"அப்போ துரையை அனுப்பிட்டா குட்டிங்கள யாரு தூக்குவா?"ன்னு மேடத்தைக் கேட்டேன்.

"மேல இருந்து உத்தரவு வந்தாச்சு. நாம பார்த்துக்கலாம்."

இன்னா பார்க்கிறது? கட்டை விரல் அளவுக் குட்டி, நாளெல்லாம் என் முதுகுலயா தொங்கும்?

ஜூலை 13, ஞாயிறு

மழை. சர்ச்சுக்குப் போகல. பயணப் பெட்டியில வைக்கோல் போட்டு வெச்சேன். துரை உக்காந்து மல்லிக்குக் கழுத்துல பேன் பார்த்துகினு இருந்தான். மல்லி கண்ணை மூடிக்கினு இருந்தா. இதுங்களுக்கு எப்படிச் சொல்றது. சொல்லவே முடியாதே. மனசு ஆறல.

ஜூலை 14, திங்கள்

தரை ஈரம். கூண்டுத் துணியை விலக்கினேன். மல்லி மட்டும் கீழ தனியா பிசின் நக்கிகினு இருந்தா. வயிறு ஒட்டிப் போச்சு. குட்டிங்களக் காணோம்.

மேல பார்த்தா துரை. முதுகுல ரெண்டு. ஒண்ணு கழுத்துல, ஒண்ணு இடுப்புல. மூச்சு வாங்குது அவனுக்கு, ஆனா விடல.

மேடம் வந்தாங்க. மல்லி மேல ஏறிப் போனா, துரை குட்டிங்கள அவகிட்ட விட்டான். பால் குடிச்சதும் மறுபடி அவனே முதுகுல ஏத்திக்கினான். மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க.

வாசல்ல ஹாரன். டிரைவர் அண்ணாத்த கதவைத் தொறந்து வெச்சுக்கினு நின்னாரு. "எங்க மேடம் ஆளு? ரெடியா?"

"ஆளு வர மாட்டாரு"ன்னாங்க மேடம். "வேலையில இருக்காரு. நான் மேல பேசிக்கிறேன், நீ வண்டியைத் திருப்பு."