மாதம் ஒரு அட்டை மிச்சம்

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் துணிமணிகளுக்கு வெயில் காட்டிவிடலாம் என்று இன்று காலையில் பெட்டியைக் காலி செய்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கறுப்புக் கம்பளி கிடந்தது. உதறினேன். சோற்றுக் கஞ்சி வாசனை. எத்தனையோ முறை துவைத்தாயிற்று, போகவில்லை. கொடியில் போடாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வீட்டு மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், நான் அழுகிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அழவில்லை. உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கம்பளியில் சோறு வேகவைக்க முடியும் என்று கண்டுபிடித்தவர் நீங்கள். அரிசி நன்றாக ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, பானையைக் கம்பளியால் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் இறக்கினீர்கள். கடை போட்டு உட்காருகிற மாதிரி அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள்.

“இனி அது தன்னால வெந்துக்கிடும். அதுக்கு எதுக்கு கேஸு?”

“வேகலைன்னா?”

“வேகலைன்னா நாந் திங்கேன். நீ பேசாம இரு ளா.”

வெந்துதான் இருந்தது. பூப்போல இருந்தது. மூடியைத் திறந்து என் முகத்தைப் பார்த்தீர்களே, கல்யாண வீட்டில் தாலி கட்டிய அன்றுகூட உங்கள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

டவுணில் அந்த மொத்தப் பலசரக்குக் கடையில் பில் போடுகிற வேலை உங்களுக்கு. எண்ணெய் ஏறப்போகிறது, பருப்பு ஏறப்போகிறது என்பதெல்லாம் ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் நம் வீட்டுக்குத் தெரிந்துவிடும். மற்ற வீட்டு ஆண்கள் வேலை விட்டு வரும்போது பூவோ பக்கோடாவோ கொண்டுவருவார்கள். நீங்கள் செருப்பைக் கழற்றும்போதே, “நாளையிலருந்து கடலெண்ணெய் கூடுது, பாத்துக்கோ” என்பீர்கள். அப்புறம் இரண்டு பேரும் அடுக்களையில் நின்று எதைக் குறைப்பது என்று யோசிப்போம். மோட்டார் போடுவதைக் குறைக்கவேண்டும் என்று விடிந்ததும் குறுக்குத்துறைக்கு நடந்துபோய் ஆற்றில் குளித்து, வேட்டி சட்டையையும் அங்கேயே அலசிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வருவீர்கள். காய்கறியை அந்தியில், மிச்சத்தைக் கூறு கட்டி மலிவாக விற்று முடிக்கிற நேரத்தில் போய் வாங்குவேன். பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாக அரைப்பேன். சாயங்காலம் ஓர் அறையில் மட்டும்தான் விளக்கு. அந்த விளக்கின் கீழேதான் மகள் படித்தாள், நான் கீரை ஆய்ந்தேன், நீங்கள் பேப்பரைப் புரட்டினீர்கள். அந்தப் பேப்பரும் கடையில் பொட்டலம் மடிக்க வந்த பழைய பேப்பர்தான்.

இதெல்லாம் கஷ்டமாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். நமக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டிருந்தது. தெருப் பெண்கள் அந்தக் கம்பளிப் பானையைப் பார்க்க வந்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மகளுக்கு மதுரையில் காலேஜில் இடம் கிடைத்து, ஃபீஸும் ஹாஸ்டலும் சேர்ந்து நம்மை நெருக்கியபோதுகூட, “நம்மகிட்டயா? நாமதாம் விலைவாசியவே ஏமாத்துத ஆளாச்சே” என்று நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அந்த வருஷம்தான் உங்களுக்கு அடிக்கடி தலைசுற்றல் வந்தது. டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிரஷர் கூடுதலாக இருக்கிறது, தினமும் ஒரு மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது என்றார். அரசு ஆஸ்பத்திரியில் அதே மாத்திரையைச் சும்மாவே தருகிறார்கள் என்று நான்தான் விசாரித்துச் சொன்னேன். போனீர்கள். கூட்டத்தில் நின்று வாங்கிக்கொண்டு கடைக்குப் போகும்போது உச்சிப்பொழுது ஆகிவிட்டது. சம்பளம் போடும்போது முதலாளி அரை நாளைப் பிடித்துக்கொண்டார்.

“ஓசி மாத்திரதாம் இருக்கதுலயே வெல கூடுன மாத்திர, பாத்துக்கோ” என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

“அப்ப நாம் போயி வாங்கிட்டு வாரேன்.”

“ஆளப் பாக்காம குடுக்க மாட்டாவ ளா. கையில கெட்டிப் பாக்கணும்லா?”

கேட்டுப் பார்த்துத்தான் சொன்னீர்களா, அல்லது நீங்களாகவே முடிவு செய்துகொண்டீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு தெருமுனை மருந்துக்கடையில் காசு கொடுத்தே வாங்க ஆரம்பித்தீர்கள்.

ஒருநாள் காலையில் கண்ணாடி மாடத்தில் உங்கள் சவர பிளேடு கிடந்தது. அதன் ஓரத்தில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

“என்ன இது, பிளேடுல?”

“மாத்திர முழுசா தொண்டையில எறங்க மாட்டேங்கு. அதாம் ரெண்டாக்கிப் போடுதேன்.”

“ரெண்டையும் போடுதியளா?”

“போடுதேன், போடுதேன். நீ சோத்த வையி, நேரமாச்சு.”

நான் சோற்றை வைத்தேன். அந்த மாத்திரை கொத்தமல்லி விதையைவிடப் பெரிதாக இருக்காது. அது தொண்டையில் இறங்கவில்லை என்று ஒரு மனுஷன் சொன்னால் எந்தப் பெண்டாட்டியும் கொஞ்சம் நின்று யோசித்திருப்பாள். ஆனால் என்னிடம் எதையும் மறைக்காத ஆள் நீங்கள். பத்து ரூபாய்க்கு டீ குடித்தால்கூட வந்து சொல்லிவிடுகிற ஆள். அந்த நம்பிக்கையைத்தான் நீங்கள் அன்றைக்குப் பயன்படுத்திக்கொண்டீர்கள். அதை நினைக்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

தீபாவளிக்கு முந்தின வாரம், கடையில் நெருக்கியடிக்கிற கூட்டத்தில் பில் போட்டுக்கொண்டிருந்த நீங்கள் பேனாவைக் கீழே போட்டீர்களாம். எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லையாம். பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது உங்கள் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. டாக்டர் வெளியே வந்து கேட்டார்.

“பிரஷர் மாத்திரை ஒழுங்கா எடுத்தாரா?”

“ஒரு நாள் விட்டதில்ல சார்” என்றேன். சத்தமாக, நிமிர்ந்து நின்று சொன்னேன்.

சாயங்காலம் என்னை உள்ளே விட்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் என்னவோ சொல்ல வந்தீர்கள். காதை வாய்ப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

“பாதி… பாதிதாம் போட்டேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் மறுபடியும் நாக்கைப் புரட்டிப் புரட்டிச் சொன்னீர்கள்.

“மாசம்… ஒரு அட்ட… மிச்சம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தது போலிருந்தது. வாய் கோணியிருந்ததால் அது சிரிப்பா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் நீங்கள் பேசவேயில்லை. மறுநாள் மகள் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தாள். அவளைக் கண்ணால் பார்த்தீர்கள். அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டீர்கள்.

நாம் வருஷக்கணக்காக மோட்டார் போடாமல், விளக்குப் போடாமல், பஸ் ஏறாமல் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஆஸ்பத்திரிக் கவுன்டரில் போயிற்று. என் வளையலும் போயிற்று. நீங்கள் மிச்சம் பிடித்த அந்த மாத்திரை அட்டைகளின் விலை, அவர்கள் எழுதிக் கொடுத்த பஞ்சுக்கும் பிளாஸ்திரிக்கும்கூடக் காணாது. இதைச் சொல்லி உங்களை உலுக்கவேண்டும் போல இருந்தது. உங்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் முதலாளி வந்தார். ஆளுயரத்துக்கு ரோஜா மாலை. உங்களுக்குப் போட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்து, “இவன மாதிரி கட்டுசெட்டா குடும்பம் நடத்துனவன் இந்த டவுணுலயே கெடயாது. சம்பளம் பத்தலன்னு ஒரு நாளு எங்கிட்ட வந்து நின்னதில்ல, பாத்துக்கிடுங்க” என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் உங்கள் தலைமாட்டில் இருந்தேன். எழுந்துவிட்டேன்.

“அண்ணாச்சி, அவுக மாத்திர வாங்கப் போயிட்டு வந்த அன்னைக்கு அர நாளு சம்பளத்தப் பிடிச்சிய. நெனப்பு இருக்கா?”

என் அண்ணன் வந்து என் கையைப் பிடித்து இழுத்தான். முதலாளி கோபப்படவில்லை. சாந்தமாகத்தான் சொன்னார். “கடைன்னா எல்லாருக்கும் ஒரே சட்டந்தாம் தாயி. அவனுக்கே அது தெரியும்.”

தெரியும்தான். உங்களுக்கு எல்லாம் தெரியும். கேட்டால் அவர் கொடுத்திருக்கமாட்டார் என்பதும் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்கிற ஆள் ஒருத்தி வீட்டில் இருந்தேன். என்னிடமும் கேட்கவில்லை. பாதி மாத்திரை போடட்டுமா என்று என்னைக் கேட்டிருந்தால், கம்பளிப் பானையைத் தெருவில் வீசிவிட்டு, ஒரு நேரம் அடுப்பே பற்றவைக்காமல் இருந்திருப்பேன்.

பதினாறு கழிந்ததும் கடையிலிருந்து ஒரு மூட்டை அரிசி வந்தது. திருப்பி அனுப்பவேண்டும் என்றுதான் நினைத்தேன். அனுப்பவில்லை. அன்றைக்குப் பானையில் போட அரிசி இல்லை. அதைத்தான் பொங்கினேன், அதைத்தான் தின்றேன். ஒவ்வொரு கவளத்திலும் அந்த மனுஷனின் சாந்தமான குரல் இருந்தது.

இப்போது நான் ஜவுளிக்கடையில் துணி மடித்துவைக்கிற வேலைக்குப் போகிறேன். மகள் படிப்பை முடித்து மதுரையிலேயே ஒரு கம்பெனியில் சேர்ந்து, விடுதியில் தங்கியிருக்கிறாள். போன மாதம் போனில் பேசும்போது சந்தோஷமாகச் சொன்னாள்.

“எம்மா, இந்த மாசம் கூடுதலா அனுப்புதேன். ராத்திரிச் சாப்பாட்ட நிறுத்திட்டேன். ரெண்டு பிஸ்கட்டு, ஒரு தம்ளர் தண்ணி. போதும். நானும் அப்பா மாதிரி ஆயிட்டேன், பாத்தியா?”

மறுநாள் லீவு போட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். விடுதி வாசலுக்கு வந்தவளின் கன்னத்தில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கையைப் பிடித்து எதிரில் இருந்த ஓட்டலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். சர்வர் மெனு அட்டையைக் கொண்டுவந்து வைத்தான். அவள் விரல் நேராக வலது பக்கம் விலை எழுதியிருக்கிற இடத்துக்குத்தான் போயிற்று. அந்த விரல் மேலேயிருந்து கீழே இறங்கி வந்து, இருப்பதில் குறைந்ததில் நின்றது. அப்படியே உங்கள் விரல்.

“வெலயப் பாக்காத. பேரப் படி” என்றேன்.

அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நெய் ரோஸ்ட்டும் வடையும் நான்தான் சொன்னேன். தின்னத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அப்பா செஞ்சது தப்புன்னு சொல்லுதியாம்மா?”

“ஆமா.”

“அவுக நமக்காகத்தான செஞ்சாவ?”

“நாம கேட்டமா ளா?” என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது போல. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நீ கேட்டியா? நாங் கேட்டனா? சொல்லு பாப்போம்.”

அவள் அழுதுகொண்டே மிச்ச ரோஸ்ட்டைத் தின்றாள். கிளம்பும்போது தொடாமல் இருந்த வடையைப் பேப்பரில் மடித்துத் தரச் சொல்லி சர்வரிடம் கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நானாக இருந்தாலும் மடித்துத்தான் வாங்கியிருப்பேன். அதில் என்ன தப்பு? பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைத்ததில் என்ன தப்பு? எந்த இடம் வரைக்கும் சிக்கனம், எந்த இடத்திலிருந்து அது ஆளைத் தின்ன ஆரம்பிக்கிறது என்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கயத்தாறு தாண்டும் வரைக்கும் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். வாய் அசைந்திருக்கவேண்டும், பக்கத்து சீட்டில் இருந்த பெண் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாம் சண்டையே போட்டதில்லை. அதையும் மிச்சம் பிடித்திருக்கிறோம் போலிருக்கிறது. இப்போது என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் எடுத்துச் செலவழிக்கிறேன். பதில் சொல்ல நீங்கள் இல்லாததால் அது குறையவே மாட்டேன் என்கிறது.