நீ தத்தெடுத்த குவார்ட்டர்பேக்

பால் காய்ச்சும் பாத்திரத்தில் விளையாடும்போது பல்லில் அடிபடாமல் மகன் மாட்டிக்கொள்ளும் மவுத்கார்டு வெந்துகொண்டிருக்கிறது. இளகியதும் அவன் அதைக் கடித்துத் தன் பல்வரிசையைப் பதிக்க வேண்டுமாம். சமையலறை முழுக்க ரப்பர் நாற்றம். சனிக்கிழமை அவனுக்கு முதல் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். ஒன்பது வயதுதான், அதற்குள் கோச் அவனைப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்காகப் போட்டிருக்கிறார். பந்து கையில் இருப்பவன் மேல்தான் எதிரணி மொத்தமும் வந்து விழும் என்று எனக்குச் சொன்னவளே நீதான். அனுப்புவதா வேண்டாமா என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியவில்லை.

அதற்கு நடுவில் இன்னொரு செய்தி. உன் ஆள், டிவியில் நாம் பார்த்த அந்தக் குவார்ட்டர்பேக், இந்த வாரம் ஓய்வு பெற்றுவிட்டான்.

ஜெர்சி சிட்டியில் நாம் ஒரே அறையில் இருந்த வருடம் அவனும் புதிது. கல்லூரியிலிருந்து நேராக வந்த பையன்; எறிந்த பந்தெல்லாம் எதிரணிக்காரன் கைக்கே போனது. வேலைக்குப் போகும் ரயிலில் ஒருவர் பாக்கியில்லாமல் அவனைத் திட்டினார்கள். "புதுசா சேந்தவன், ஊரே திட்டுது. நம்ம கேஸ்தான்டி இவன்" என்று அன்றைக்கே தத்தெடுத்துக்கொண்டாய். ஆட்டத்தின் விதிகளை அதற்கப்புறம்தான் படித்தோம்.

முழங்கால் உடைந்து அவனை வண்டியில் ஏற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை, உப்பும் வரமிளகாயும் எடுத்து டிவிக்கே திருஷ்டி சுற்றினாயே! அடுப்பில் போட்டதுதான் தாமதம், அலாரம் அலறிக் கட்டிடமே குளிரில் தெருவுக்கு இறங்கியது. கீழ்வீட்டு மதுரை ஆன்ட்டி இருமிக்கொண்டே, "என்னத்தடி கருக்குனீங்க?" என்றார்.

"டின்னர், ஆன்ட்டி."

"டின்னர்ல இம்புட்டு நெடியா?"

நீ என் காதருகே குனிந்தாய். "எல்லாரும் இருமுறாங்க பாரு. திருஷ்டி இருந்தா நெடியே வராது. அப்ப கண்ணு படலடி. முன்னாடி நின்னு அவனக் காப்பாத்த வேண்டிய அவன் டீம்காரனுங்கதான் சரியில்ல." தீயணைப்பு வண்டி வந்து நிற்கிறது, நாம் சிரிப்பை அடக்க முடியாமல் நிற்கிறோம்.

மறுவருடம் அந்த அணி அவனைக் கழற்றிவிட்டது. உன் ப்ராஜெக்டும் அதே சமயத்தில் முடிந்து, அடுத்தது கிடைக்கும்வரை கம்பெனியில் சும்மா உட்காரவைத்தார்கள். "அவனும் பெஞ்சு, நானும் பெஞ்சு" என்றாய். பிறகு நீ சான் ஹோசே, நான் காப்பெல் என்று ஆளுக்கொரு ஊர் போனோம். அவன் ஊர் ஊராக, அணி அணியாக, தொப்பி போட்டு ஓரத்தில் நிற்கும் மாற்று ஆளாகவே இருந்தான். ஜெயிக்கிற ஒருவனைப் பிடியேன் என்று போனில் சீண்டினால், "போடி, கூப்பிட்டா எறியணும்ல? அதுக்கு ஒருத்தன் நிக்க வேணாமா?" என்பாய்.

நீயே இல்லாமல் போன பிறகு ஒருமுறை அவனை ஆடக் கூப்பிட்டார்கள். எறிந்த நொடியில் அடிவாங்கி விழுந்தான். தரையில் கிடந்தபடியே தலையைத் தூக்கி, பந்து போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தான். சேர்ந்திருந்தது. நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நேற்று மகனுடைய பயிற்சியின்போது நான் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றினாலும் ஹெல்மெட்டுகள் மோதுவது கேட்கிறது. வந்து ஏறியவன், "ஒய் வேர் யூ இன் த கார், அம்மா? ஐ வாஸ் லுக்கிங் ஃபார் யூ" என்றான்.

"தலைவலிடா."

"யூ ஆல்வேஸ் சே தட்."

இவர் வேறு, "உன் பயத்த அவன்கிட்ட காட்டாத" என்கிறார். காட்டாமல் எங்கே கொண்டுபோய் வைப்பது?

கடைசியாக உன்னைப் பார்க்க சான் ஹோசே ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, நர்ஸ் உன் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். எங்கே குத்தினாலும் கிடைக்கவில்லை. நான் சுவரில் இருந்த டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன். "அங்க வெளம்பரம்தான் ஓடுது, என்னத்தப் பாக்குற?" என்றாய். அப்புறம் குரல் இறங்கிப்போயிற்று. "மூஞ்சியத் திருப்பாதடி. நீ திருப்புனா எனக்கு இன்னும் பயமாவுது."

திரும்பினேன். ஊசி ஏறும்வரை உன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் ஆடட்டும். சனிக்கிழமை நான் காரில் இருக்க மாட்டேன்; மைதானத்து வேலிக்குப் பக்கத்தில் நிற்பேன். அவன்மேல் யாராவது விழுந்தால் அநேகமாகக் கத்திவிடுவேன். பயத்தில் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் அன்று உன் பக்கம் திரும்பி நின்ற கழுத்துதான் இது. எழுந்து அவன் தேடும்போது என் முகம் அவன் பக்கம் இருக்கும்.